ஏக்கரும் பரப்பும் ஹெக்டேயரும்: நிலவளவுகளை மாற்றும் முறை

கமக்காரர் ஒருவரின் பழைய காணியுறுதியில் நிலத்தின் அளவு ஏக்கர், றூட், பேர்ச் என எழுதப்பட்டிருக்கும். யாழ்ப்பாணக் குடாநாட்டிலாயின் அது பரப்பும் குழியுமாக இருக்கும். அண்மைக் காலத்தில் வரையப்பட்ட நிலவளவைப் படத்திலோ அதே காணி ஹெக்டேயரில், தசம தானங்களுடன் குறிக்கப்பட்டிருக்கும். கடையில் வாங்கும் களைநாசினிப் போத்தலின் சுட்டுத்துண்டு ஹெக்டேயருக்கு இத்தனை மில்லிலீற்றர் எனக் கூறும். அயல் வயற்காரரோ ஏக்கருக்கு இத்தனை மூடை பசளை என்பார். இவற்றுள் ஒன்றை மற்றொன்றாக மாற்ற அறியாதவிடத்துக் கமக்காரர் ஊகத்தை நம்ப வேண்டியவராகிறார்.

ஊகம் தவறினால் நேரும் நட்டம் சிறிதன்று. ஒரு ஹெக்டேயர் ஏறக்குறைய இரண்டரை ஏக்கராகும். ஆகவே, ஹெக்டேயருக்கெனச் சொல்லப்பட்ட பசளையை ஓர் ஏக்கருக்கென எண்ணி இடுபவர், பயிருக்கு வேண்டியதிலும் இரண்டரை மடங்கை இடுகிறார். யூரியா இவ்வாறு மிகுந்தால் நெற்பயிர் கரும்பச்சையாகித் தழைத்து, கதிர் முற்றுமுன்னே சாய்ந்துவிடும். எரிபந்த நோயும் கபிலநிறத் தத்தியும் அத்தகைய பயிரையே முதலில் நாடும். மறுபுறமாக, ஏக்கருக்குரிய அளவை ஹெக்டேயர் முழுவதற்கும் இட்டவரின் பயிர், வேண்டிய ஊட்டத்தில் ஐந்திலிரு பங்கையே பெற்று மஞ்சளித்து நிற்கும். இரண்டு கமக்காரரும் பசளையையே குறைகூறுவர். பிழை பெரும்பாலும் கணக்கில் இருக்கும்.

அளவுகள் வந்த வழி

ஏக்கர் முறை ஆங்கிலேயரின் சங்கிலியளவையோடு வந்தது. எட்மண்ட் கன்ரர் என்பார் 1620ஆம் ஆண்டில் வகுத்த அச்சங்கிலி 66 அடி நீளமும் 100 கண்ணிகளும் உடையது. ஒரு சங்கிலி அகலமும் பத்துச் சங்கிலி நீளமும் கொண்ட நிலம் ஓர் ஏக்கர். அஃதாவது 43,560 சதுர அடி. சங்கிலியின் காற்பங்காகிய 16½ அடியைப் பக்கமாகக் கொண்ட சதுரம் ஒரு பேர்ச். அது 272¼ சதுர அடி. நாற்பது பேர்ச் ஒரு றூட், நான்கு றூட் ஓர் ஏக்கர். இவ்வெண்கள் இன்று வினோதமாகத் தோன்றினும், சங்கிலியைக் கையிற் பிடித்து அளந்தவர்களுக்கு இவை எளியனவாகவே இருந்தன.

ஹெக்டேயர் 1795ஆம் ஆண்டில் பிரான்சிலே சட்டமாக்கப்பட்ட மீற்றர் முறையைச் சேர்ந்தது. நூறு மீற்றர் நீளமும் நூறு மீற்றர் அகலமும் கொண்ட நிலமே ஒரு ஹெக்டேயர். அதன் பரப்பளவு 10,000 சதுர மீற்றர். இலங்கையில் மீற்றர் முறை 1970களிற் சட்டப்படி புகுத்தப்பட்டது. எனினும் காணி வாங்குவோரும் விற்போரும் இன்றும் பேர்ச்சிலேயே பேசுகின்றனர். இரு முறைகளும் அருகருகே வழங்கும் நிலை விரைவில் மாறுமெனக் கருத இடமில்லை. ஆதலால் இரண்டையும் அறிந்திருத்தலே கமக்காரருக்கு நன்று.

மனத்திலிருத்த வேண்டிய எண்கள் சிலவே:

1 ஹெக்டேயர் = 2.471 ஏக்கர் = 395.4 பேர்ச்
1 ஏக்கர் = 0.4047 ஹெக்டேயர் = 4,047 சதுர மீற்றர்
1 றூட் = 1,012 சதுர மீற்றர்
1 பேர்ச் = 25.293 சதுர மீற்றர்
1 சதுர மீற்றர் = 10.76 சதுர அடி

உறுதியிலுள்ள அளவைப் படித்தல்

உறுதிகளிலும் பழைய படங்களிலும் காணியின் அளவு மூன்று நிரல்களில் எழுதப்படும். 1—2—26 என இருப்பின் அது 1 ஏக்கர், 2 றூட், 26 பேர்ச் ஆகும். இதனைத் தசம எண்ணாகப் படித்தல் மிகச் சாதாரணமான பிழை. ஒன்றேகால் ஏக்கரை 1.25 என எழுதினால், அங்குள்ள 25 என்பது பேர்ச் அன்று. ஓர் ஏக்கரின் நூற்றில் இருபத்தைந்து பங்கு, அஃதாவது 40 பேர்ச். அவ்வாறே 0.50 ஏக்கர் என்பது 50 பேர்ச் அன்று, 80 பேர்ச். சகோதரர் இருவர் காணி பங்கிடும்போது இப்பிழை நேர்ந்தால் அது வேலிச் சண்டையாக முடியும்.

மாற்றும் முறை வருமாறு. முதலில் முழுவதையும் பேர்ச்சாக்குக. மேற்கூறிய காணியில் 1 ஏக்கருக்கு 160, 2 றூட்டுக்கு 80, மிகுதி 26. ஆகமொத்தம் 266 பேர்ச். இதனை 25.293ஆற் பெருக்கினால் 6,728 சதுர மீற்றர் வரும். பத்தாயிரத்தால் வகுக்க, 0.6728 ஹெக்டேயர். கணிக்கும் பொறி கையில் இல்லாதபோது பேர்ச்சை 25ஆற் பெருக்கி, வரும் தொகையோடு நூற்றுக்கு ஒன்று வீதம் கூட்டிக்கொள்ளலாம். 266ஐ இவ்வாறு செய்தால் 6,650உம் 66½உமாக 6,716½ வரும். வித்தியாசம் அரைப் பேர்ச்சுக்கும் குறைவே.

மறுவழியாக, படத்தில் 0.4350 ஹெக்டேயர் என இருந்தால் அது 4,350 சதுர மீற்றர். 25.293ஆல் வகுக்க 172 பேர்ச் கிடைக்கும். அதிலே 160ஐ நீக்கினால் மிகுதி 12. எனவே காணி 1—0—12.

ஹெக்டேயரில் எழுதப்படும் நான்கு தசம தானங்கள் வீண் அலங்காரமல்ல. நான்காம் தானத்தில் உள்ள ஒன்று ஒரு சதுர மீற்றரைக் குறிக்கும். அதனை வெட்டி 0.43 என எழுதிக்கொண்டால் 50 சதுர மீற்றர், அஃதாவது ஏறக்குறைய இரண்டு பேர்ச், காகிதத்திலிருந்து மறைந்துவிடும்.

மீற்றரை அடியாக மாற்றுவதிலும் ஒரு வலை உண்டு. ஒரு மீற்றர் 3.28 அடி என்பது பலருக்குத் தெரியும். ஆனால் அது நீளத்துக்குரிய எண். 20 மீற்றர் நீளமும் 15 மீற்றர் அகலமுமுள்ள தோட்டம் 300 சதுர மீற்றர். 300ஐ 3.28ஆற் பெருக்கி 984 சதுர அடி என்பவர், நீளத்தை மட்டும் மாற்றி அகலத்தை மீற்றரிலேயே விட்டுவிட்டார். நீளம் 65.6 அடி, அகலம் 49.2 அடி, இரண்டையும் பெருக்கினால் 3,228 சதுர அடி வரும். முன்னைய கணக்கின்படி தோட்டம் மூன்றரைப் பேர்ச்சைச் சற்றே தாண்டும். உண்மையிலோ அது பன்னிரண்டு பேர்ச்சுக்குச் சற்றுக் குறைவு.

பரப்பும் விதைப்பாடும்

யாழ்ப்பாணப் பகுதியில் வழங்கும் பரப்பு என்னும் அளவு தனியே விளக்கத்தக்கது. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட உறுதிகளில் இலாச்சம் எனக் காணப்படுவதும் இதுவே. வரகு விளையும் மேட்டு நிலத்துக்கு ஒரு பரப்பும் நெல் விளையும் நிலத்துக்கு வேறொரு பரப்பும் முன்னோர் வைத்திருந்தனர். வரகுப் பரப்பு 18 குழி. நெற்பரப்பு 12 குழி. குழி என்பது இரண்டிலும் ஒன்றே, 151¼ சதுர அடி. ஆகவே வரகுப் பரப்பு 10 பேர்ச், நெற்பரப்பு 6⅔ பேர்ச். முன்னதில் 16உம் பின்னதில் 24உம் ஓர் ஏக்கராகும். இன்று பொதுப்பேச்சில் பரப்பு எனப்படுவது 10 பேர்ச் கொண்ட வரகுப் பரப்பே.

ஆயினும் பழைய வயலுறுதி ஒன்றில் ‘நெல்’ என்னும் அடைமொழியோடு 6 பரப்பு என எழுதப்பட்டிருந்தால், வயல் 40 பேர்ச், அஃதாவது கால் ஏக்கர். அதனை 60 பேர்ச்செனக் கொண்டு விலை பேசுபவர் மூன்றிலொரு பங்கு இல்லாத நிலத்துக்குப் பணம் கொடுப்பார். அதே எண்ணத்தோடு பசளை வாங்குபவர் ஒன்றரை மடங்கு வாங்குவார். உறுதியைப் படிப்பவர் எண்ணை மட்டுமன்றி, அதன் பக்கத்திலுள்ள சொல்லையும் பார்த்தல் வேண்டும். எந்தப் பரப்பு என்பது தெளிவாகாவிடின், எல்லைகளை அளந்து பார்ப்பதே முடிவான வழி.

ஒரு வரகுப் பரப்பு 252.9 சதுர மீற்றர். பக்கம் ஒவ்வொன்றும் 15.9 மீற்றர், அல்லது 52 அடிக்குச் சற்று மேற்பட்ட சதுரம் எனக் கண்ணாற் கண்டுகொள்ளலாம். ஒரு ஹெக்டேயரில் இத்தகைய பரப்பு 39½ அடங்கும். நாற்பது என வைத்துக்கொண்டால் வயலிலே நின்றபடி மனத்தாற் கணக்கிடலாம்: ஹெக்டேயருக்குச் சொல்லப்பட்ட எந்த அளவையும் 40ஆல் வகுத்தால் ஒரு பரப்புக்குரியது கிடைக்கும், 400ஆல் வகுத்தால் ஒரு பேர்ச்சுக்குரியது கிடைக்கும். இதிலுள்ள பிழை நூற்றுக்கு ஒன்றைச் சிறிதே கடக்கும். பசளை இடும் கைக்கு அந்நுட்பம் எட்டாது.

கிழக்கு மாகாணத்திலும் வன்னியிலும் வயலின் அளவை விதை நெல்லால் கூறும் வழக்கம் உண்டு. இத்தனை அவணம், இத்தனை புசல் விதைப்பாடு என்பர். அது நிலத்தின் அளவன்று; அந்நிலத்துக்கு ஒரு காலத்தில் விதைக்கப்பட்ட நெல்லின் அளவு. மணற்பாங்கான நிலத்திலும் களிநிலத்திலும், புழுதி விதைப்பிலும் சேற்று விதைப்பிலும் விதையின் அளவு வேறுபடும். ஆகையால் விதைப்பாட்டை ஏக்கராக மாற்ற எங்கும் பொருந்தும் எண் ஒன்றில்லை. அத்தகைய வயல்களை ஒருமுறை நாடாவால் அளந்து, வந்த அளவை உறுதியோடு சேர்த்து எழுதி வைத்தல் வேண்டும்.

எவ்வளவு நுட்பம் வேண்டும்?

ஏக்கரை 0.4ஆற் பெருக்கினால் ஹெக்டேயர் என்பது எங்கும் வழங்கும் சுருக்கம். பசளைக்கும் விதைக்கும் இது போதும். காணி கொடுக்கல் வாங்கலுக்குப் போதாது. ஐந்து ஏக்கரை இவ்வாறு மாற்றினால் 2 ஹெக்டேயர். சரியான தொகை 2.0234. விடுபட்ட 234 சதுர மீற்றர் 9¼ பேர்ச்சாகும். ஊருக்கு அண்மையில் அது ஒரு வீட்டு நிலத்துக்குரிய இடம்.

மகாவலிக் குடியேற்றங்களில் ஒரு குடும்பத்துக்கு வழங்கப்பட்ட வயல் இரண்டரை ஏக்கர் என்றும் ஒரு ஹெக்டேயர் என்றும் மாறிமாறிச் சொல்லப்படுவதைக் கேட்கலாம். இரண்டரை ஏக்கர் 400 பேர்ச். ஒரு ஹெக்டேயர் 395.4 பேர்ச். நீர்ப்பங்கீட்டுக்கோ விதை நெல்லுக்கோ இவ்வேறுபாடு பொருட்டன்று. எல்லைக்கல் நாட்டும்போது மட்டும் படத்திலுள்ள எண்ணே ஏற்கத்தக்கது.

வயலை அளத்தல்

உறுதியிலுள்ள அளவு சரியாயினும், பயிர் நிற்கும் நிலம் அதனிற் குறைவாகவே இருக்கும். ஓர் ஏக்கர் வயல் பரப்பளவான 16 வரவைகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு வரம்பும் ஒன்றரை அடி அகலம் கொண்டிருப்பின், வரம்புகள் மட்டும் ஏறக்குறைய 9 பேர்ச்சை எடுத்துக்கொள்ளும். வாய்க்கால், சூடு மிதிக்கும் களம், மரநிழல் விழும் மூலை ஆகியவையும் இருந்தால் இக்குறைவு மேலும் கூடும். விளைவைக் கணக்கிடுவோரும் பசளை வாங்குவோரும் பயிர் நிற்கும் நிலத்தையே அளத்தல் வேண்டும்.

அளப்பதற்கு மீற்றர் நாடாவே சிறந்தது. கயிற்றைப் பயன்படுத்துவோர் அதனை முதலில் நாடாவோடு ஒப்பிட்டு முடிச்சிட்டுக் கொள்க. நனைந்த கயிறு தன் பழைய நீளத்தில் நில்லாது. ஆதலாற் சேற்று வயலில் அளக்கும்போது இடையிடையே மீண்டும் ஒப்பிடுதல் நன்று.

செவ்வகமான நிலத்துக்கு நீளத்தை அகலத்தாற் பெருக்கினாற் போதும். ஆனால் வயல்கள் செவ்வகமாக இருப்பது அரிது. கோணலான நாற்பக்க நிலத்தை அளக்க ஊர்களில் ஒரு முறை வழங்குகிறது. எதிர்ப்பக்கங்கள் இரண்டையும் கூட்டி அரைவாசியாக்குவர். மற்றைய இரு பக்கங்களையும் அவ்வாறே செய்வர். பின் இரண்டையும் பெருக்குவர். இம்முறை எப்போதும் உண்மையிலும் கூடிய விடையையே தரும். செவ்வகம் ஒன்றுக்கே சரியாக வரும். எனவே இதனால் நன்மையடைபவர் விற்பவரும், ஏக்கர்க் கணக்கிற் கூலிபெறும் உழவு இயந்திரக்காரருமே.

எடுத்துக்காட்டாக, ஒரு வயலின் நான்கு பக்கங்களும் வரிசையாக 98, 184, 175, 81 அடி எனக் கொள்க. ஊர்முறைப்படி 98உம் 175உம் சேர்ந்து அரைவாசியாக 136½. 184உம் 81உம் சேர்ந்து அரைவாசியாக 132½. பெருக்கினால் 18,086 சதுர அடி, அஃதாவது 66.4 பேர்ச்.

இப்போது அதே வயலைச் சரியாக அளப்போர், முதலாம் பக்கம் தொடங்கும் மூலையிலிருந்து அதன் எதிர்மூலைக்குக் கயிறு கட்டுவர். அது 200 அடி. வயல் இப்போது இரண்டு முக்கோணங்களாகிவிட்டது. மிகுதியான மூலைகள் இரண்டிலிருந்தும் அக்கயிற்றுக்குச் செங்குத்துத் தூரம் அளக்கப்படும். ஒன்று 90 அடி, மற்றது 70 அடி. செங்குத்து எதுவென ஐயுற வேண்டுவதில்லை. மூலையில் நாடாவின் நுனியை ஊன்றி மறுமுனையை இடமும் வலமும் அசைத்தால், கட்டிய கயிற்றைத் தொடும் தூரங்களுள் மிகக் குறுகியது எதுவோ அதுவே செங்குத்து. 90ஐயும் 70ஐயும் கூட்டி, 200ஆற் பெருக்கி, அரைவாசியாக்கினால் 16,000 சதுர அடி. 272¼ஆல் வகுக்க 58.8 பேர்ச். ஊர்முறை சொன்னதற்கும் இதற்கும் ஏழரைப் பேர்ச்சுக்கு மேல் வேறுபாடு.

பக்கங்கள் நான்கும் தெரிந்தால் நிலத்தின் அளவு தெரிந்துவிடும் என்னும் எண்ணமே இங்குள்ள தவறு. நான்கு தடிகளை மூலைகளிற் கட்டி ஒரு சட்டமாக்கி, அதனைச் சரித்துப் பார்த்தால் இது விளங்கும். தடிகளின் நீளம் மாறாது. உள்ளேயுள்ள இடம் சுருங்கிக்கொண்டே போகும். மூலைவிட்டத்தை அளந்தால்தான் சட்டம் எவ்வளவு சரிந்துள்ளது என்பது புலப்படும். வளைந்த எல்லையுள்ள வயலாயின், அதனை வேண்டிய அளவு முக்கோணங்களாகப் பிரித்து ஒவ்வொன்றாக அளந்து கூட்டலாம்.

மலைநாட்டு மரக்கறித் தோட்டங்களில் இன்னொன்றையும் கவனித்தல் வேண்டும். நிலவளவைப் படங்கள் நிலத்தை மட்டமாகக் கிடந்ததாகக் கொண்டே அளவு கூறும். நூறு அடிக்கு முப்பது அடி ஏறும் சரிவில் நாடாவை நிலத்தோடு படுத்து அளந்தால், படத்தின்படி 100 அடியாக உள்ளது 104 அடிக்கு மேற் காட்டும். நாடாவை மட்டமாகப் பிடித்து, படி படியாக இறங்கி அளப்பதே முறை.

பசளையும் நாசினியும்

ஒரு சிபாரிசு ஹெக்டேயருக்கு 225 கிலோகிராம் யூரியா எனக் கூறுவதாகக் கொள்க. ஓர் ஏக்கருக்கு அது 91 கிலோகிராம். 50 கிலோகிராம் மூடையாக இரண்டு மூடைக்கும் ஒன்பது கிலோகிராம் குறைவு. ஒரு பரப்புக்கு 5.7 கிலோகிராம். இது போகம் முழுவதற்குமுரிய தொகை. மேற்கட்டுப் பசளையாகப் பிரித்து இடும்போது ஒவ்வொரு தடவைக்குமுரிய பங்கையும் தனித்தனியே மாற்றிக்கொள்க. 225 கிலோகிராமையும் ஓர் ஏக்கருக்கே கொட்டியவர் 134 கிலோகிராமை, அஃதாவது இரண்டரை மூடைக்கு மேல், வீணாக்கியவராவார். 2021ஆம் ஆண்டில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு, அவ்வாண்டு நவம்பரில் அத்தடை நீக்கப்பட்டது. அக்காலத்தில் ஒரு மூடை யூரியாவைத் தேடியலைந்த கமக்காரருக்கு இரண்டரை மூடையின் அருமையை விளக்க வேண்டுவதில்லை.

பழைய துண்டுப்பிரசுரங்களில் ஏக்கருக்கு இத்தனை அந்தர், இத்தனை இறாத்தல் என இருக்கும். ஓர் அந்தர் 112 இறாத்தல், அல்லது 50.8 கிலோகிராம். ஐம்பது கிலோகிராம் மூடையை இன்றும் பலர் அந்தர் என அழைப்பது இதனாலேயே. ஏக்கருக்கு ஓர் இறாத்தல் என்பதை ஹெக்டேயருக்குக் கிலோகிராமாக மாற்ற 1.12ஆற் பெருக்குக.

நாசினிகளில் பிழைக்கு இடமே கொடுத்தலாகாது. சுட்டுத்துண்டு ஹெக்டேயருக்கு 1.5 இலீற்றர் எனக் கூறின், ஏக்கருக்கு 607 மில்லிலீற்றரும் பரப்புக்கு 38 மில்லிலீற்றருமே வேண்டும். ஆனால் கமக்காரர் தெளிப்பது தாங்கிக் கணக்கில். எனவே ஒரு தாங்கி எவ்வளவு நிலத்துக்குப் போதும் என்பதை முதலில் அறிதல் வேண்டும். இதற்கு ஒரு பரப்பளவான இடத்தை, பக்கத்துக்கு 15.9 மீற்றராக, முளையடித்துக் குறித்துக்கொள்க. தெளிகருவியில் அளந்து நீர் மட்டும் ஊற்றி, வழக்கமான நடையில் அவ்விடம் முழுவதும் தெளிக்க. செலவான நீர் 8 இலீற்றராயின், 16 இலீற்றர்த் தாங்கி இரண்டு பரப்புக்குப் போதும். ஆகவே தாங்கிக்கு 76 மில்லிலீற்றர் நாசினி. ஏக்கருக்கு எட்டுத் தாங்கி. ஒன்றரை இலீற்றரையும் அந்த எட்டுத் தாங்கிக்கே பங்கிட்டவர் தாங்கிக்கு 187 மில்லிலீற்றர் கலந்திருப்பார். களைநாசினியாயின் நெல்லும் களையோடு கருகும். நடையின் வேகமும் தெளிமுனையும் மாறினால் செலவாகும் நீரும் மாறும். அப்போது இச்சோதனையைத் திரும்பச் செய்க.

தோட்டப் பாத்திகள்

மரக்கறிச் செய்கையாளருக்கு மீற்றர் முறை பெரிதும் உதவுவது இவ்விடத்திலேயே. ஹெக்டேயருக்கு இத்தனை கிலோகிராம் என்பதைப் பத்தால் வகுத்தால், சதுர மீற்றருக்கு இத்தனை கிராம் என வந்துவிடும். மேலே கண்ட 225 கிலோகிராம் சதுர மீற்றருக்கு 22½ கிராம். ஹெக்டேயருக்கு 10 தொன் கூட்டெரு எனின், சதுர மீற்றருக்கு ஒரு கிலோகிராம். 1.2 மீற்றர் அகலமும் 6 மீற்றர் நீளமும் உள்ள பாத்தி 7.2 சதுர மீற்றர், அதற்கு 7.2 கிலோகிராம் எரு. அடியிலும் பேர்ச்சிலும் இக்கணக்கைச் செய்ய முயன்றவருக்கு இதன் எளிமை தெரியும். பாத்தி வைத்துச் செய்கை பண்ணுவோர் ஏக்கரை மறந்துவிடினும் குற்றமில்லை.

நாற்றின் தொகையும் இவ்வாறே. மிளகாய்க்கு வரிசைக்கு வரிசை 60 சதமமீற்றர், நாற்றுக்கு நாற்று 45 சதமமீற்றர் விட்டால், ஒரு நடுகுழிக்கு 0.27 சதுர மீற்றர் வேண்டும். ஒரு பரப்பாகிய 252.9 சதுர மீற்றரை 0.27ஆல் வகுக்க, ஏறத்தாழ 937 நடுகுழிகள். இடைவெளியை இரண்டு அடிக்கு ஒன்றரை அடி என அடியில் வைத்தால் 907 வரும். வாய்க்காலுக்கும் நடைபாதைக்கும் உரிய இடத்தை முன்னதாகவே கழித்துக்கொண்டால், நாற்றுமேடையில் வீணாக விதை போட வேண்டியிராது.

விளைவைக் கூறுதல்

ஒருவர் ஏக்கருக்கு 100 புசல் விளைந்தது என்பார். அறிக்கையொன்று ஹெக்டேயருக்கு 5 தொன் எனக் கூறும். எது கூடியது? ஒரு புசல் நெல்லின் நிறை 46 இறாத்தல், ஏறக்குறைய 20.9 கிலோகிராம் எனக் கொள்ளப்படும். ஏக்கருக்கு ஒரு புசல் என்பது ஹெக்டேயருக்கு 51½ கிலோகிராமாகும். ஆகவே 100 புசல் எடுத்தவரின் விளைவு ஹெக்டேயருக்கு 5.15 தொன், அறிக்கையிலுள்ளதற்குச் சற்று மேல். மனக்கணக்காக, ஏக்கர்ப் புசலை இரண்டால் வகுத்துப் பத்தால் வகுத்தால் தொன் வரும்.

விதை நெல்லுக்கும் இவ்வெண்ணே பயன்படும். ஹெக்டேயருக்கு 100 கிலோகிராம் விதை எனின் ஏக்கருக்கு 40½ கிலோகிராம்; இரண்டு புசலுக்குச் சற்றுக் குறைவு. இரண்டு புசல் விதைத்துப் பழகியவர் இச்சிபாரிசைப் புதிதென எண்ண வேண்டியதில்லை. ஆனால் அந்த இரண்டு புசலை அளக்கும் முன், தம் வயல் உண்மையில் ஓர் ஏக்கர்தானா என்பதை ஒருமுறை நாடா பிடித்துப் பார்த்தல் வேண்டும். காணியின் எல்லையிலோ அளவிலோ பிணக்கு உண்டாயின், உரிமம் பெற்ற நிலவளவையாளரின் படத்தைக் கொண்டே அதனைத் தீர்க்கலாம். கமக்காரர் தாமே எடுத்த அளவு பசளைக்கும் விதைக்கும் கூலிக்கும் மட்டுமே உரியது.